முப்பத்தொன்றாவது மேற்கோள்

மே 2, வியாழன்

காலை பதினொன்றே காலுக்கு ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. ‘சிறு திருத்தங்களுக்குப் பின் ஏற்கப்படும்.’ நான்கு முறை படித்தேன். சொல்லிக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. கணவர் குமரேசன் நில அளவை வேலைக்குப் போயிருந்தார். ஆகவே வாஷிங் மெஷினில் துணியைப் போட்டுவிட்டு ஐந்தாவது முறையும் படித்தேன்.

இருபத்தொரு நாள் கொடுத்திருக்கிறார்கள். மே 23 கடைசி. மே 31-ஆம் தேதியோடு என் முனைவர் பட்டப் பதிவு காலாவதியாகிறது. இரண்டு முறை நீட்டித்தாயிற்று, மூன்றாவது முறை கிடையாது என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். ஏற்கப்பட்ட கட்டுரை ஒன்றைக் காட்டினால்தான் ஆய்வேட்டை வாங்கிக்கொள்வார்கள். ஏழு வருடம். கல்லூரியில் இன்னும் கௌரவ விரிவுரையாளர். அந்தக் கௌரவம் ஒவ்வொரு ஏப்ரலிலும் முடிந்து ஜூனில் மறுபடி பிறக்கும்.

செய்ய வேண்டியவை இரண்டே. ஒன்று, கட்டுரையின் கடைசியில் பட்டியலிட்ட அறுபத்தேழு மேற்கோள்களையும் அவர்கள் பாணிக்கு மாற்றுவது. இரண்டு, மதிப்பீட்டாளர் ஒருவர் கேட்ட கேள்வி: ‘31-ஆம் மேற்கோளில் வரும் ஒன்பதாம் கிணற்றின் மே மாத அளவு வேறோர் இடத்திலிருந்து எடுத்தாளப்பட்டதாகத் தெரிகிறது. மூலத்தைக் கண்டு குறிப்பிடவும்.’

மூலம்தானே. தேடினால் கிடைத்துவிடும்.

மே 3, வெள்ளி

பாணி விதிகள் மட்டும் பதினாறு பக்கம். ஆண்டு அடைப்புக்குள். தொகுதி எண் சாய்வாக, இதழ் எண் நேராக. பக்க எண்களுக்கு நடுவே சிறு கோடு போதாது, அதைவிடக் கொஞ்சம் நீளமான கோடு. இதைக் கண்டுபிடித்தவர் வீட்டில் யாரும் அவரிடம் பேசியிருக்க மாட்டார்கள்.

மேற்கோள் மென்பொருளை நம்பி உட்கார்ந்தேன். அது குடும்பப் பெயர் கேட்கிறது. நமக்கு ஏது? நான் கு. சுகந்தி. கு என்றால் அப்பா குப்புசாமி, ரயில்வேயில் கேங்மேனாக இருந்தவர். என் பழைய சிறு கட்டுரை ஒன்று ‘குப்புசாமி, சு.’ என்று உலகமெங்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. தண்ணீரைப் பற்றி அப்பா ஒரு வரி எழுதியதில்லை, குடித்ததோடு சரி. பொதுப்பணித் துறையையும் அது ஒரு மனிதராக எடுத்துக்கொண்டு ‘துறை, பொ.’ என்று போட்டிருக்கிறது. திரு. துறை அவர்கள் 1987-லேயே நல்ல அறிக்கை எழுதியிருக்கிறார்.

ஒரு விதியைக் குறித்து வைக்கிறேன். ஒருவர் நேரில் சொன்ன தகவல் பட்டியலில் வராது. கட்டுரைக்குள்ளேயே அடைப்புக்குள் அவர் பெயரும் தேதியும் தர வேண்டும். சொன்னவர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதமும், ஒரு சாட்சியின் கையெழுத்தோடு, இணைக்க வேண்டும். எனக்கு அப்படி எதுவும் இல்லை.

1 முதல் 14 வரை முடிந்தது.

மே 5, ஞாயிறு

காலையில் உட்கார்ந்து 30 வரை வந்தேன். அப்புறம் எழுந்து இட்லி மாவு அரைத்தேன். திரும்பி வந்து 32-லிருந்து தொடங்கினேன்.

என் கட்டுரையின் சாரத்தை இந்த டைரியிலாவது நேர்த்தமிழில் எழுதிப் பார்க்கிறேன். மூங்கிலேரியைச் சுற்றிப் பன்னிரண்டு கிணறுகள். பாறைப் பூமி, தண்ணீரில் ஃபுளூரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் பிள்ளைகளுக்குப் பல் பழுப்பாகும், போகப் போக எலும்பு வளையும். 2012-இல் என் ஆய்வு நெறியாளர் தேவசகாயம் சாரின் திட்டத்தில் வருடத்துக்கு நான்கு முறை இந்தக் கிணறுகளின் நீரை அளந்தார்கள். கோடையில் கிணறு வற்ற வற்ற ஃபுளூரைடு ஏறும். பதினொரு கிணறுகளில் ஏறியது. ஒன்பதாவதில் மட்டும் இறங்கியது. ஜனவரியில் 1.4, மே மாதத்தில் 0.5, ஆகஸ்டில் 1.6, நவம்பரில் 1.5.

சார் அதற்கு ஒரு விளக்கம் எழுதினார். பூமிக்கடியில் பாறைப் பிளவு ஒன்று இருக்கிறது, கோடையில் அதன் வழியாக ஆறு அந்தக் கிணற்றுக்கு வருகிறது என்று. அதுதான் 31. சாருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கட்டுரை. இதுவரை பதினான்கு பேர் அதை எடுத்தாண்டிருக்கிறார்கள். நான் பதினைந்தாவது. என்னுடையது கணினியில் அந்தப் பிளவின் அகலத்தைக் கணக்கிடும் ஆய்வு. களத்துக்குப் போகத் தேவையில்லை.

தலைப்பு நான் கேட்டதல்ல. சார் கொடுத்தது. “நீதாம்மா அந்தக் கிணறுங்களை நேர்ல பாத்தவ, உனக்குத்தான் பொருத்தம்” என்றார். திட்டத்தில் நான் களப் பணியாளராக இருந்தேன், அதை மேலே எழுத விட்டுப்போயிற்று.

மே 7, செவ்வாய்

சாருக்குப் போன் செய்தேன். இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். பாராட்டு விழா மலருக்கு அட்டைப்படமே அந்தக் கிணறுதானாம்.

“மூலம் கேக்கறாங்க சார்.”

“என் பேப்பரையே மூலம்னு எழுதிடும்மா. எல்லாரும் அப்படித்தான போட்டிருக்காங்க.”

“உங்க பேப்பர்ல திட்ட அறிக்கையப் பாருன்னு இருக்கு சார்.”

“அப்ப அறிக்கையப் போடு. அறிக்கை என்னுதுதான? சுத்திச் சுத்தி எங்கிட்டதான் வரும்.” சிரித்தார். “இருபது நாளை இதுல ஓட்டாத. கோடு, புள்ளி எல்லாம் பாத்து அனுப்பு.”

எனக்கு நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும். வீட்டிலிருக்கும் எல்லா ஜன்னல் திரைகளையும் கழற்றித் துவைத்துப் போட்டேன்.

மே 8, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. 32 முதல் 45 வரை.

மே 9, வியாழன்

சாப்பிடும்போது குமரேசன் நாள்காட்டியைப் பார்த்தார். “பதினேழு வெள்ளிக்கிழமை வருது. லீவு சொல்லிடட்டுமா?”

ஒவ்வொரு மே 17-ஆம் தேதியும் நாங்கள் ஒகேனக்கல் போவோம். திருமண நாளைக்கூட மறந்துவிடுவார், இதை மறக்க மாட்டார். நாங்கள் முதன்முதலாகச் சேர்ந்து வெளியே போன நாள். பன்னிரண்டு வருடத்தில் ஒரு முறையும் தவறியதில்லை, ஊரடங்கு வருடங்கள் தவிர.

“இந்த வருஷம் வேணாமே. வேலை கெடக்கு.”

“மேற்கோளா? அது ஓடியா போயிடும்?” என்றார். பிறகு அவருக்கே உரிய பழைய கதையை எடுத்தார். “பரிசல்ல போறப்ப பையிலேருந்து ஒரு பாட்டில எடுத்து நீட்டினியே. நான்தான் குனிஞ்சு தண்ணி புடிச்சுக் குடுத்தேன். எதுக்குன்னு கேட்டா வாயே தெறக்கல. சிரிச்ச. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இந்தப் பொண்ணுதான்னு.”

வருடா வருடம் சொல்கிற கதை. நானும் வருடா வருடம் சிரிப்பேன். இன்று ரசம் கொதிக்கிறதா என்று பார்க்கப் போனேன். அடுப்பு அணைத்துத்தான் இருந்தது.

மே 11, சனி

திட்ட அறிக்கையின் மின்பிரதியைத் தேடி எடுத்தேன். அட்டவணை 4-இன் கீழே சின்ன எழுத்தில்: ‘மூலம்: களப்புத்தகம் 2, துறைச் சேமிப்பு.’

இத்தோடு நிறுத்திவிடலாம். களப்புத்தகம் என்பது அச்சானதல்ல, அதைக் காட்டு என்று எவரும் கேட்கப்போவதில்லை. 31-இன் கீழே ‘மூலம்: திட்ட அறிக்கை, அட்டவணை 4’ என்று சேர்த்தேன். புள்ளி வைத்தேன். அழித்தேன். மறுபடி சேர்த்தேன். சாயங்காலம் மொட்டை மாடியில் இருபது சுற்று நடந்தேன். எதிர்வீட்டு அம்மா “சுகர் வந்துருச்சாம்மா?” என்று கேட்டார்.

மே 13, திங்கள்

பல்கலைக்கழகத்துக்குப் போனேன். சும்மா, பார்த்துவிட்டு வரத்தான். துறை நூலகர் பத்மினி அக்கா ஸ்டூல் போட்டு ஏறி, பச்சை அட்டை போட்ட களப்புத்தகத்தை எடுத்துத் தூசு தட்டிக் கொடுத்தார். அவரே பிரித்தும் பார்த்தார்.

“இது உன் கையெழுத்து மாதிரியே இருக்கே சுகந்தி.”

“என்னுதுதான்க்கா.”

“அப்ப உன் ரெஃபரன்ஸுக்கு நீயே ரெஃபரன்ஸா? நல்ல கூத்து.”

வரிசையை அப்படியே எழுதி வைக்கிறேன். கிணறு எண்: 9. தேதி: 17.5.2012. நேரம்: 11.40. நிறம்: தெளிவு. நீர் எடுத்தவர்: கு. சுகந்தி.

பேருந்தில் வரும்போது ஜன்னலோர இடம் கிடைத்தது. வெயில் பட்டாலும் மாறி உட்காரவில்லை.

மே 14, செவ்வாய்

பரணைச் சுத்தம் செய்தேன். 67 வரை எல்லாம் முடிந்தது, 31 தவிர.

மே 15, புதன்

44-ஆம் மேற்கோளின் பக்க எண்ணைச் சரிபார்க்கப் போய் முழுக் கட்டுரையையும் படித்துவிட்டேன். 2016-இல் வேறு பல்கலைக்கழகத்துக்காரர் ஒருவர் எழுதியது. 2012 மே மாத பாட்டில்களில் மிச்சமிருந்த நீரைச் சாரிடம் வாங்கி, அதிலிருக்கும் ஒவ்வோர் உப்பையும் அளந்திருக்கிறார். சோடியம், கால்சியம், குளோரைடு எல்லாம். ஒன்பதாம் கிணற்றின் மே மாத நீர் ஆற்று நீரோடு அச்சாகப் பொருந்துகிறதாம். இவ்வளவு நெருக்கமான பொருத்தத்தைத் தன் அனுபவத்தில் கண்டதில்லை என்று எழுதியிருக்கிறார். நிலத்தடித் தொடர்புக்கு இது ஐயத்துக்கு இடமில்லாத சான்று என்று முடிக்கிறார்.

நல்ல ஆய்வாளர். அவர் அளந்ததில் ஒரு பிழையும் இல்லை.

காலையில் ஆரம்பித்து இப்போது மத்தியானம் இரண்டு மணி. இன்னும் குளிக்கவில்லை.

மே 16, வியாழன்

குமரேசனிடம் சொன்னேன், நாளைக்குப் போகலாம் என்று. ஒகேனக்கல் இல்லை, மூங்கிலேரி. ஏன் என்று கேட்டார். தண்ணீர் எடுக்க என்றேன். கல்லூரி ஆய்வகத்திலிருந்து ஒரு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன்.

மே 17, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும்.

பத்து மணிக்கு மூங்கிலேரி பஸ் நிறுத்தத்துக்கு பைக்கில் வந்து சேர்ந்தோம். அதே புளியமரம், இப்போது அடியில் ஒரு நிழற்குடை. ஒன்பதாம் கிணறு நிறுத்தத்திலிருந்து மேட்டில் இரண்டு கிலோமீட்டர். பைக் பாதி வழிதான் போகும். மிச்சத்தை நடந்து ஏற வேண்டும், வெயிலில் அரை மணி நேரம். குமரேசன் பைக்கோடு நின்றுகொண்டார்.

நான் அந்தக் கிணற்றின் அருகே நின்றது என் வாழ்க்கையில் நான்காவது முறை. 2012-இல் மூன்று முறை போயிருக்கிறேன். ஜனவரி, ஆகஸ்ட், நவம்பர்.

கிணற்றில் மோட்டார் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் மேல்நிலைத் தொட்டி, நீல வண்ணம். ‘பாதுகாக்கப்பட்ட குடிநீர்’ என்று வெள்ளையில் எழுதியிருக்கிறது. குழாயடியில் குடம் வைத்துக்கொண்டிருந்த பெண்ணின் பெயர் மாதம்மாள். நான் பாட்டிலைக் கழுவுவதைப் பார்த்துவிட்டு வந்தார்.

“செக் பண்ண வந்தீங்களா? இத நீங்க செக் பண்ணவே வேணாம். இது நல்ல தண்ணி. படிச்சவங்க வந்து பாத்து, புஸ்தகத்துலயே எழுதியிருக்காங்களாம். ஆறு நேரா இங்க வருதுன்னு.”

“பஞ்சாயத்துல வந்து பாக்கறது இல்லையாக்கா?”

“பொங்கல் முடிஞ்சு ஒருத்தர் பொட்டி எடுத்துகினு வருவாரு. நல்லா இருக்குதுன்னு எழுதிகினு போவாரு.”

பொங்கல் முடிந்து. மழைத் தண்ணீர் கிணற்றில் இருக்கும் காலம். அப்போது யார் அளந்தாலும் 1.4 தான் வரும்.

“எத்தனை வீடுக்கா இந்தத் தண்ணி?”

“அறுவத்திரண்டு. அங்கன்வாடிக்கும் இதான். கீழூருக்கெல்லாம் ஆத்துத் தண்ணி கொழாய் வந்துருச்சு. எங்களுக்குத்தான் நல்ல கெணறு இருக்குதே, நீங்க கடைசின்னுட்டாங்க.” குடத்தை மாற்றி வைத்தார். “ஆனா பாருங்க, எங்க புள்ளைங்க பல்லு மட்டும் இப்படி ஆவுது. ஆஸ்பத்திரில காட்டுனா தண்ணியாலன்னாரு டாக்டரு. எங்க தண்ணி நல்ல தண்ணி சார், நீங்க வேற எதுனா பாருங்கன்னு நான்தான் சண்ட போட்டுட்டு வந்தன்.”

அவருடைய மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். பத்து வயது இருக்கும். பெயர் கேட்டேன். உதட்டை மூடிக்கொண்டே சொன்னாள். நான் மறுபடி கேட்கவில்லை.

பாட்டிலை நிரப்பினேன். மோட்டாரை நிறுத்தச் சொல்லி, கயிறு விட்டு, கிணற்றிலிருந்தே எடுத்தேன். லேபிள் கோணலாக ஒட்டிக்கொண்டது. நேரம் 11.40 ஆகியிருந்தது. நான் திட்டமிடவில்லை.

இறங்கி வரும்போது தீர்மானித்துக்கொண்டேன். குமரேசன் வெள்ளரிப்பிஞ்சு வாங்கி வைத்துக்கொண்டு பாறை நிழலில் உட்கார்ந்திருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். அன்றைக்கு என் பங்கான ஆறு கிணறுகளில் ஐந்தில் தண்ணீர் எடுத்து முடித்தபோது மணி பத்தரை. ஒன்பதாவது மட்டும் பாக்கி. அந்தப் புளியமரத்தடியில் நீங்கள் பைக்கோடு காத்திருந்தீர்கள். மேட்டில் ஏறி இறங்கினால் ஒரு மணி நேரம் போய்விடும், நீங்கள் போய்விடுவீர்களோ என்று பயம். வேலை எல்லாம் முடிந்தது என்று உங்களிடம் பொய் சொன்னேன். ஆறாவது பாட்டில் காலியாகப் பையில் இருந்தது. காலி பாட்டிலோடு ஆய்வகத்துக்குப் போக முடியாது. பரிசலில் அதை உங்களிடம் நீட்டினேன்.

அவர் வெள்ளரிப்பிஞ்சைக் காகிதத்தில் திரும்பச் சுற்றினார்.

“அது ஞாபகத்துக்குன்னு இல்லையா?”

“இல்ல.”

“பன்னெண்டு வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன், சுகந்தி. என் தங்கச்சி கல்யாணத்துல மைக் புடிச்சுச் சொன்னேன். நீயும் பக்கத்துல நின்னு சிரிச்ச.”

அவர் பைக்கை எடுத்தார். ஊர் வந்து சேரும்வரை நான் பாட்டிலை மடியில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இதுவரை இதை நான் யாரிடமும் சொன்னதில்லை என்று எழுத வந்தேன். அதைவிட மோசம், எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. அந்த எண் அறிக்கைக்குப் போனபோது அறிக்கையின் எண்ணாயிற்று. சாரின் கட்டுரைக்குப் போனபோது சாருடையதாயிற்று. பதினான்கு பேர் சொன்ன பிறகு, ஆறு உண்மையிலேயே அங்கே வருகிறது என்று நானும் நம்பிவிட்டேன். அடைப்புக்குள் வேறொருவர் பெயரைப் போட்டுவிட்டால் எதையும் நம்பிவிடலாம்.

மே 18, சனி

கல்லூரி ஆய்வகத்தில் மூன்று முறை அளந்தேன். 2.9. 2.9. 2.8.

மே 19, ஞாயிறு

சாரின் வீட்டுக்குப் போனேன். விழா மலரின் அட்டைப்பட மாதிரியைக் காட்டினார். கிணறு, அதன் கீழே நீல அம்புக்குறியாக ஆறு. காப்பி வந்தது. குடித்து முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன், முடியவில்லை, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

சார் தன் டம்ளரையும் கீழே வைத்தார்.

“யாருக்கும் தெரியாதும்மா.”

“எனக்குத் தெரியுமே சார்.”

“உனக்கு முப்பத்தொண்ணாம் தேதி இருக்கு. எனக்கும் அதே தேதிதான். ஒரு புள்ளி வெச்சா ரெண்டு பேருக்கும் முடிஞ்சுடும்.”

“அறுபத்திரண்டு வீடு சார். அங்கன்வாடி.”

அவர் அட்டைப்படத்தைக் கவிழ்த்து வைத்தார். “நீ ஒரு தடவ போகல. நான் ஒரு தடவகூடப் போனதில்ல, தெரியுமா? அந்தக் கிணத்த நான் பாத்ததே இல்ல. இந்தப் படத்தையும் நீ எடுத்த போட்டோவ வெச்சுத்தான் வரைஞ்சான்.” எழுந்து ஜன்னலருகே போனார். “அனுப்பறதுன்னா அனுப்பு. எழுதினவங்க வரிசையிலேருந்து என் பேர எடுத்துட்டு அனுப்பு.”

வாசல்வரை வருவார் எப்போதும். இன்று வரவில்லை. தெருமுனையில் நின்று அழுதேன். கோபமா வெட்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மே 20, திங்கள்

மூங்கிலேரி பஞ்சாயத்துத் தலைவர் சின்னப்பொண்ணு அம்மாவிடம் 2.9 என்று எழுதிய தாளைக் கொடுத்தேன். எங்கே தவறு நடந்தது என்பதையும் சொன்னேன். எனக்குப் பதிலாக வேறு யார் பெயரோ நாக்கு நுனிவரை வந்தது. வெளியே வரவிடவில்லை.

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “யாரோ பெரிய சயின்டிஸ்ட்டுன்னு நெனச்சிருந்தோம். நீங்களா?”

“ஆமாங்க.”

“இதச் சொல்லவா அவ்ளோ தூரம் வந்தீங்க?” கேட்டுவிட்டு அவரே தலையை ஆட்டிக்கொண்டார். “பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி இதுல பாதி தூரம் நடந்திருந்தா போதுமே.”

உண்மைதான். மோட்டாரை நிறுத்த ஆள் அனுப்பினார். நாளை முதல் கீழூரிலிருந்து டிராக்டரில் தண்ணீர். குழாய் கேட்டு மனு எழுத என் தாளை இணைக்க வேண்டும் என்றார், தாளின் இரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மாதம்மாளைப் பார்க்கப் போகத் தைரியம் வரவில்லை.

மே 21, செவ்வாய்

குமரேசன் தேவைக்கு மட்டும் பேசுகிறார். பால் வாங்கிவிட்டேன். சாவி ஆணியில் இருக்கிறது.

மே 22, புதன்

கட்டுரையைத் திறந்தேன். ஒன்பதாம் கிணற்றை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று பார்த்தேன். பிளவு இல்லை, அகலம் இல்லை, ஆறு இல்லை. அறுபத்தேழு மேற்கோள்கள் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் நிற்கின்றன. ஒவ்வொரு கோடும் சரியான நீளம்.

ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக ஒரு பக்கத் திருத்தக் குறிப்பை இணைத்திருக்கிறேன், அந்த எண்ணை எடுத்தாண்ட பதினைந்து கட்டுரைகளும், சாருடையதையும் சேர்த்து, அதில் பட்டியலிடப்பட்டுள்ளன. மதிப்பீட்டாளர் கேட்ட மூலம் கிடைத்துவிட்டது. அது அச்சில் இல்லை. ஒருவர் நேரில் சொன்ன தகவல்.

சொன்னவரும் நான், கேட்டவளும் நான். பதினாறு பக்க விதிகளில் இதற்கு விலக்கு எதுவும் இல்லை. சொன்னவரின் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் வேண்டும், சாட்சியோடு.

மே 23, வியாழன்

பதிவு போய்விடும் என்று தெரிந்துதான் செய்கிறேன். தெரிந்திருந்தும் காலையிலிருந்து நான்கு முறை பல்கலைக்கழக இணையதளத்தைத் திறந்து, நீட்டிப்பு ஏதாவது அறிவித்திருக்கிறார்களா என்று பார்த்தேன். ஏழு வருடம்.

கடிதத்தை அச்சிட்டேன்.

‘மே 17, 2012 அன்று ஒன்பதாம் கிணற்றிலிருந்து நீர் எடுக்கப்படவில்லை. கி-9 என்று லேபிள் ஒட்டிய பாட்டிலில் இருந்தது, அன்று நான் ஒகேனக்கல்லில் எடுத்த ஆற்று நீர். இதை என் பெயருடன் வெளியிட ஒப்புதல் அளிக்கிறேன். கு. சுகந்தி.’

அதன் கீழே ‘சாட்சி’ என்று போட்டு ஒரு கோடு விட்டிருந்தேன். குமரேசன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். தட்டு வைப்பதற்கு முன் தாளை வைத்தேன். அன்றைக்கு என்னோடு இருந்தவர் வேறு யாரும் இல்லை, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நின்றபடி படித்தார். புல வரைபடம் படிப்பது போல ஒவ்வொரு வரியாக.

“இது தப்பு.”

“எது?”

“‘நான் எடுத்த’ன்னு நீ எழுதியிருக்க. எடுத்தது நான். நீ பாட்டில மட்டும்தான் குடுத்த.”

“அது அவ்வளவு முக்கியமில்லைங்க.”

“எழுதறதுன்னு ஆன பிறகு நடந்த மாதிரி எழுது.” சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ‘சாட்சி’ என்ற சொல்லை ஒரே கோடாக அடித்தார். அதன் மேல், அளவைப் பதிவேட்டில் எழுதுகிற அதே நிதானமான எழுத்தில், ‘நீர் எடுத்தவர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்.

பிறகு கை கழுவப் போனார். அடித்தல் இருக்கிறதே, புதிதாக அச்சிட வேண்டுமோ என்று விதிகளைப் புரட்டினேன். வேண்டாம் என்று அப்படியே அனுப்பினேன்.